அளவையும் நடுவுநிலைமையும்

ஒரு மனிதனைப் பற்றிய கூற்று மெய்யானதா என ஆராய்பவன், அக்கூற்றோடு தன் மனச்சாய்வையும் ஆராயக் கடமைப்பட்டவனா? இவ்வினா அளவையியலுக்கும் அறவியலுக்கும் நடுவே நிற்பது. காண்டல், கருதல், உரை என்பவற்றை அறிவின் வாயில்களாகச் சைவசித்தாந்த நூலோர் கொண்டனர். கண் பிழைபடலாம், உரை பக்கஞ் சாரலாம், எனவே கருதலுக்குத் துணையாக இக்காலத்தார் புள்ளிவிபரவியலை நாடுகின்றனர். ஆனால் எண்கள் நடுவுநிலைமையைத் தாமாகவே தந்துவிடுவதில்லை. துடுப்பாட்ட உலகில் முத்தையா முரளிதரனைப் பற்றி எழுந்த வாதங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கண்டியிற் பிறந்த தமிழராகிய முரளிதரன், 1992 முதல் 2010 வரை 133 ரெஸ்ற் போட்டிகளில் ஆடி 800 விக்கெற்றுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெற்றுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 22.72. அவரோடு ஒப்பிடப்படும் அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்ன், 145 போட்டிகளில் 25.41 என்னும் சராசரியில் 708 விக்கெற்றுகளைப் பெற்றார். இவ்வெண்களை ஒருவரும் மறுப்பதில்லை. அவற்றுக்குக் கொள்ளப்படும் பொருளே பூசலுக்கு இடமாயிற்று. பாமன்கடைச் சந்தியின் தேநீர்க் கடைகளில் ஒன்றும் மெல்பேண் நகரில் வேறொன்றுமாக அப்பொருள் உரைக்கப்பட்டு வந்தது.

வலிமை குன்றிய அணிகளுக்கெதிராகவே முரளிதரன் தம் எண்ணிக்கையைப் பெருக்கினார் என்பது முதற் குற்றச்சாட்டு. சிம்பாப்வே, பங்களாதேசம் ஆகியவற்றுக்கெதிராக 25 போட்டிகளில் அவர் 176 விக்கெற்றுகளை எடுத்தார். வோர்ன் அவ்வணிகளோடு ஆடியவை மூன்றே போட்டிகள், எடுத்தவை 17. ஆகவே அப்போட்டிகளை நீக்கிப் பார்ப்பது நேர்மையான சோதனையே. ஆயின், நீக்குவது இருவர்க்கும் நீக்குவதாக இருத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் முரளிதரனுக்கு 108 போட்டிகளில் 624 விக்கெற்றுகளும் வோர்னுக்கு 142 போட்டிகளில் 691 விக்கெற்றுகளும் எஞ்சும். போட்டியொன்றுக்கு முன்னவர் ஏறத்தாழ 5.8, பின்னவர் 4.9. குற்றச்சாட்டு அதன் முழுவடிவில் நிற்கவில்லை. ஆயினும் அது முற்றிலும் பொய்யுமன்று. சராசரிகளுக்கிடையே 2.7 ஓட்டமாக இருந்த இடைவெளி, இந்நீக்கத்தின் பின் ஏறத்தாழ அரை ஓட்டமாகச் சுருங்குகிறது.

முரளிதரனின் அன்பர் 5.8 என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாதத்தை முடித்துவிட விரும்புவர். உண்மை அவ்வளவில் முடிவதில்லை. வோர்னுக்கு மறுமுனையில் 563 விக்கெற்றுகள் எடுத்த கிளென் மக்ராத் இருந்தார். முரளிதரனுக்கு 355 எடுத்த சமிந்த வாஸ் இருந்தார். துணை குறைந்தவர் மிகுதியாக வீசவேண்டியிருந்தது. போட்டியொன்றுக்கு முரளிதரன் வீசிய பந்துகள் ஏறத்தாழ 331. வோர்ன் வீசியவை 281. எனவே விக்கெற்றுகளைப் பந்துகளால் அளந்தால் முன்னவர்க்கு 55 பந்துகளுக்கு ஒன்றும் பின்னவர்க்கு 57 பந்துகளுக்கு ஒன்றும் என்றாகி, பெரிதாகத் தோன்றிய வேறுபாடு சிறிதாகிவிடுகிறது.

சொந்த மண்ணின் ஆடுகளங்களே அவரை உயர்த்தின என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. இலங்கையில் 73 போட்டிகளில் அவர் எடுத்தவை 493. 2004 இல் அவுஸ்திரேலியா இங்கு வந்து ஆடிய மூன்று போட்டிகளில் முரளிதரன் 28 விக்கெற்றுகளும் வோர்ன் 26 விக்கெற்றுகளும் பெற்றனர். களம் உதவியது மெய்; அது வந்தவர்க்கும் உதவியது. ஆனால் தாய்நாட்டுக்கு வெளியே முரளிதரனின் சராசரி 28 அளவிலும் வோர்னின் சராசரி 25 அளவிலும் நிற்கின்றன. அவுஸ்திரேலிய மண்ணில் முரளிதரன் ஐந்து போட்டிகளில் எடுத்தவை 12 மட்டுமே, சராசரி 75. ஐந்து போட்டிகள் ஒரு முடிவுக்குப் போதா என அன்பர் கூறுவர். அது நியாயமான மறுப்பே. அதே மறுப்பை, இந்திய மண்ணில் ஒன்பது போட்டிகளில் 43 என்னும் சராசரியோடு நின்ற வோர்னுக்கும் அவர்கள் வழங்குவரா என்பதே அவர்தம் நேர்மைக்குச் சோதனை.

மூன்றாம் குற்றச்சாட்டே கொடியது. 1995 டிசெம்பர் 26 இல் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர், முரளிதரன் பந்தை எறிகிறார் எனக் கருதி ஏழு முறை முறையற்ற பந்தென அறிவித்தார். அவருடைய முழங்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. அதன்பின் ஆய்வுகூடங்களில் அக்கை பலமுறை அளக்கப்பட்டது. 2004 இல் அவருடைய தூஸ்ரா என்னும் பந்து, சுழற்பந்து வீச்சாளர்க்கு அன்று விதிக்கப்பட்டிருந்த ஐந்து பாகை எல்லையைக் கடந்ததெனக் காணப்பட்டது. இதை மறைத்தலும் அறமன்று. ஆனால் அவ்வாண்டில் ஏனைய வீச்சாளர்களின் கைகளும் அளக்கப்பட்டபோது, நேராக வீசுவோர் எனக் கண்ணுக்குத் தோன்றியவர்களிலும் மிகப் பலர் முழங்கையை ஓரளவு நிமிர்த்தியே வீசுகின்றனர் என்பது வெளிப்பட்டது. 2005 இல் 15 பாகை என்னும் ஒரே எல்லை எல்லோர்க்கும் வகுக்கப்பட்டது. ஒருவருக்காக விதி தளர்ந்தது என்று சிலர் இதனைக் கூறினர். எல்லோரும் அளக்கப்படும்வரை விதியே காட்சிப் பிழையின்மேல் நின்றது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

இங்கே அறவியலுக்குரிய ஓர் உண்மை புலனாகிறது. ஒருவனை மட்டும் அளப்பது அளவையாகாது. அது எண்களின் உடை தரித்த குற்றச்சாட்டு. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, பாமன்கடை வீதிகளின் சோதனைச் சாவடிகளைக் கடந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சிலரை மட்டும் நிறுத்திச் சோதிப்பதால் அகப்படுபவை, நிறுத்தப்படாதவரைப் பற்றி எதனையும் நிறுவுவதில்லை. அநீதி சோதனையில் இல்லை. சோதனை எல்லோர்க்கும் பொதுவாகாமையில் உள்ளது.

அவ்வாறாயின் மறுதலையும் உண்மையே. தம்மவர் ஒருவரை அளவையிலிருந்து விலக்கிக் காப்பதும் அதே பிழையின் மறுபக்கம். தன் இனத்தான் என்பதற்காக ஒருவனை எண்களுக்கு அப்பால் உயர்த்துபவன், பிறன் என்பதற்காக ஒருவனைத் தாழ்த்துபவனோடு ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறான். சாயும் தட்டு மட்டுமே வேறு. நடுவுநிலைமைக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியதன் பொருத்தம் இதுவே.

முரளிதரனா, வோர்னா மேலானவர் என்னும் வினாவுக்கு எண்கள் இறுதி விடை கூறவில்லை. அவ்வினாவைச் சூழ்ந்த பொய்களில் எவை நிற்கா என்பதையே அவை கூறின. நூறு கூற்றுகளில் பொய்யானவற்றைக் களைந்து, எஞ்சியவற்றை அவற்றுக்குரிய ஐயத்தோடு ஏற்றுக்கொள்வது சிறிய பணியன்று. அப்பணிக்குக் கணக்கறிவு வேண்டும். தான் விரும்பாத விடை வரும்போதும் கணக்கை இடையில் நிறுத்தாத நெஞ்சுரம் அதனினும் மிகுதியாக வேண்டும்.