சடங்கில் குடியிருப்பது

மெய்யான விசுவாசம், வெற்றுச் சடங்கு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு பேசுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. கிறிஸ்தவத்தைப் பற்றிய பேச்சென்றால் கீர்க்ககார்ட் வேறு கைகொடுப்பார். 1854-55இல் டென்மார்க்கின் அரசுத் திருச்சபையை அவர் தாக்கி எழுதியதும், 1855இல் மரணப்படுக்கையில், அரசுச் சம்பளம் வாங்கும் பாதிரியார் கையால் நற்கருணை பெற மறுத்ததும் இந்தப் பிரிவினையின் உச்சம். அங்கே அவருடைய எதிரி, உள்ளே ஒன்றுமில்லாத சடங்கு. நம் பக்கத்தில் சடங்கு அப்படிக் காலியாக இருந்ததுண்டா என்பதுதான் என் சந்தேகம்.

சேந்தமங்கலத்தை எடுத்துக்கொள்ளலாம். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரம் போகும் வழியில் இருக்கும் ஊர். 1623இல் ராபர்ட் டி நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு இங்கே வந்தார். பிறகு சேலம் போனார். அதே ஆண்டு ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரிகோரி, மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை பிறப்பித்திருந்தார். நொபிலியின் பல வருஷ வாதத்துக்குக் கிடைத்த வெற்றி. பூணூல் சமூக அந்தஸ்தின் அடையாளம். அதிலிருந்து மந்திரத்தைக் கழித்துவிட்டால் விசுவாசத்துக்கு இடைஞ்சல் ஏதுமில்லை என்பது அவர் கட்சி.

நொபிலியின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. காவி உடுத்தி, மாமிசம் விட்டு, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று அவர் வாழ்ந்த வாழ்வை வெறும் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் சோம்பேறிகள். ஆனால் கணக்கு தவறிவிட்டது. மந்திரம் போயிற்று, அந்தஸ்து குடியிருந்தது. அதே ஆணையில், குலப்பெருமை பேசுபவர்கள் தங்களுக்குக் கீழானவர்களைக் கோயிலில் இகழக் கூடாதென்று ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அனுமதி அமலாயிற்று. வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. பிராமண சன்னியாசியாக வாழ்ந்த குரு தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை என்பதால் 1640இல் ‘பண்டாரசாமி’ என்று இன்னொரு வகைக் குருமார் ஏற்பட்டார்கள். ஒரே கிறிஸ்து, இரண்டு வரிசை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்து எழுப்பிய சுவரை எதிர்த்து இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. அந்தச் சுவரை எப்படி வெற்றுச் சடங்கு என்பது? நிறைய நம்பிக்கையோடுதான் கட்டியிருக்கிறார்கள். நம்பிக்கை வேறெதன் மீதோ.

வங்கியில் காசோலைக் கையெழுத்து எங்களிடமுள்ள மாதிரியோடு ஒத்துப்போனால் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். போட்டவர் மனசு எங்களுக்கு வேண்டாம். விசுவாசத்தில் எந்த மாதிரியோடு ஒப்பிடுவது? தீவிரம் போதாது, சாதிக்காரனுக்கும் தீவிரம் உண்டு.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913இல் திருமணம் முடித்து இதே சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போனார்கள். வைத்தியம், பள்ளிக்கூடம், பிரசங்கம் எல்லாம் நடந்தன. சில வருஷங்களுக்கு ஒருவரும் மதம் மாறவில்லை. மலைப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். 1918-19இன் இன்ஃப்ளூயன்சாவில் அவர் விழுந்தபோது, பயத்தில் ஊரார் நெருங்கவில்லை. பிராண்ட் தம்பதி போனார்கள். சாகுமுன் தன் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார் பூசாரி. இது மிஷன் தரப்பு சொல்லும் கதை. பூசாரியின் தரப்பை எழுதி வைக்க யாருமில்லை. அவர் தெய்வங்கள் பொய்த்தன என்ற முடிவை நான் இதிலிருந்து எடுக்கமாட்டேன். அவர் சித்தாந்தம் எதையும் பரிசீலித்ததாகவும் தெரியவில்லை. யார் பக்கத்தில் வந்து தொட்டார்கள் என்று மட்டும் பார்த்திருக்கிறார். நொபிலியின் குருவால் செய்ய முடியாமல்போனதும் அதுதான்.

இதையும் சுலபமாக்கிவிடக் கூடாது. பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து பெயர் பெற்ற பால் பிராண்ட் இவர்களுடைய மகன், 1914இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மலைவீட்டுக்கு வந்த நாளை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டுதான் அப்பா அவர்களுக்குக் கட்டுப்போட்டாராம். பூசாரியின் குடிசைக்குள் போன அதே மனிதர். எந்தக் கை எதுவரை நீளும் என்பது ஒருமுறை தீர்மானமாகி முடிந்துவிடுகிற காரியமாக இல்லை.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவலின் வேலையைத் தொடர்ந்தார். எழுபதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அதன் விதி நியாயமானதுதான். உபதேசத்தில் குறையில்லாத ஸ்தாபனத்துக்கும் வயது வரம்பு என்றொரு சடங்கு உண்டு. ஓய்வை வாங்கிக்கொண்ட எவலின், மிஷனின் சம்பந்தமில்லாமல் திரும்ப மலைக்குப் போனார். விழுந்து எலும்பு முறிந்த பிறகும், மட்டக்குதிரையில் ஏறிக் கொல்லிமலையையும் சுற்றியுள்ள மலைகளையும் சுற்றினார். 1974இல் இறந்தபோது வயது 95. கொல்லிமலையில், கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.