வெட்டியா, தானமா?

சென்ற மாதம் ஜோகுபாளையத்தில் ஞாயிறு சொற்பொழிவு முடிந்தபின், இளைஞர் ஒருவர் தம் அன்னையாருடன் வந்து ஓர் ஐயம் எழுப்பினார். அவர் பகலில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பணி புரிபவர். இரவில், எவரும் கூலி கொடாத பொது நிரல் ஒன்றின் பிழைகளைத் திருத்தி அனுப்புபவர். "அந்த நிரலை வைத்துப் பெரிய கம்பெனிகள் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கின்றன. இவனோ கண்விழித்து வெட்டி வேலை செய்கிறான். இது தருமமா, நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்றார் அன்னையார்.

‘வெட்டி’ எனும் சொல் என் நெஞ்சில் தைத்தது. இன்று அது பயனற்றதைக் குறிக்கின்றது. முற்காலத்திலோ கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்பைக் குறித்தது; சோழர் காலக் கல்வெட்டுகளிலும் அச்சொல் உண்டு. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய் அதனைச் சுமந்தவர்கள். ஆதலின், கூலியில்லா உழைப்பைப் புகழுமுன் நம்மவர் இருமுறை சிந்தித்தல் வேண்டும்.

முதலில் இவ்வுழைப்பின் இயல்பை அறிவோம். 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய கணினி முறைமை ஒன்றை ஆக்கப்போவதாய் அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். குறை கண்டவர் திருத்தம் எழுதி அனுப்புவர். பொறுப்பாளர் ஆராய்ந்து ஏற்பர், அன்றேல் மறுப்பர். இவ்வாறு உழைப்போருள் ஊதியம் பெறுவோரும் உளர், பெறாதோரும் உளர்.

நான் நெசவாலையில் உழைத்த நாளில், சங்கு ஊதிய பின்னும் மேற்பார்வையாளர் எங்களை அரைமணி நிறுத்தித் தறிகளைத் துடைக்கச் செய்வார். அதற்குக் கூலியில்லை, மறுத்தவனுக்கு மறுநாள் வேலையில்லை. அதே ஆலையில், அறுந்த இழையை முடியத் தெரியாது கலங்கி நின்ற புதிய பையனுக்கு உணவு வேளையில் அதைக் கற்றுக்கொடுத்தேன். அதற்கும் கூலியில்லை. முன்னது வெட்டி, பின்னது தானம். இரண்டிற்கும் வேற்றுமை கூலியில் இல்லை. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையில் இருக்கின்றது. எண்ணமே வினை என்பது பகவன் புத்தரின் போதனை. அச்சம் ஏவிய கையில் ஈகை எங்ஙனம் பிறக்கும்?

எனினும், தானமாய்த் தொடங்கியதும் வெட்டியாய் மாறக்கூடும். எக்ஸ்.இசட். எனும் நிரலை ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிப் பேணிவந்தார். எண்ணற்ற கணினிகள் அதனை நம்பியிருந்தன. அவர் களைத்தபோதோ, விரைவுபடுத்தும் குரல்களே எழுந்தன. ஜியா டான் எனும் பெயரில் ஒருவர் உதவ வந்து, இரண்டாண்டுகளுக்கு மேல் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்று, முடிவில் கள்ளவழி ஒன்றை உள்ளே வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் எனும் பொறியாளர், தம் கணினியில் ஒரு செயல் ஏறக்குறைய அரை நொடி தாமதிப்பதைக் கண்டு ஆராய்ந்தமையால் பெருந்தீங்கு தவிர்ந்தது. ஈவோரைக் காவாவிடின் வாங்குவோர்க்கே கேடு.

நாமும் வாங்கினோரே. நம் பெங்களூரின் குரப்பனபாளையத்துக் குடிசைப்பகுதியில், கட்டற்ற மென்பொருள் தொண்டர்கள் அம்பேத்கர் பெயரால் ஒரு கணினி மையம் அமைத்தனர். உரிமக் கட்டணம் செலுத்தவியலாச் சிறுவர் அங்குக் கணினி பயின்றது முகமறியாத பலர் ஈந்த நிரல்களால் அன்றோ? எழுத்தறிவு மறுக்கப்பட்ட மரபினர் நாம். மறைக்கப்படாத அறிவைப் பெருக்குவது நமக்கு அயலான பணியன்று.

ஆகவே அவ்விளைஞரிடம் கூறினேன்: "தம்பி, வீட்டின் தேவையும் உடல்நலமும் முதலில், எஞ்சியதே ஈதற்குரியது. ஈயுமுன் உரிமத்தைப் படிக்க வேண்டும். 1989-இல் வெளியான குனூ பொது உரிமம், நிரலை மாற்றிப் பரப்புவோரும் மூலநிரலைத் திறந்தே தருதல் வேண்டும் என்கிறது. வேறு சில உரிமங்கள் பூட்டிக்கொள்ள இடங்கொடுக்கின்றன. கம்பெனி அவசரப்படுத்தினால் ஊதியம் கேட்கலாம்; தராவிடின் மறுக்கலாம். அதில் பாவமில்லை."

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "முதலில் இவன் மாட்டேன் என்று சொல்லக் கற்கட்டும், பிறகு கொடுக்கட்டும்" என்றார்.

அதனினும் நல்ல உபதேசம் என்னிடம் இல்லை.