பல்லும் பழியும்

குழந்தைக்குப் பல் சொத்தையானால் யாரைப் பழிப்பது? நம் வீடுகளில் விடை தயாராக இருக்கிறது: பெற்றவளை. மிட்டாய் வாங்கிக் கொடுத்தவள் அவள். இரவில் பல் துலக்கிவிடாமல் படுக்கவைத்தவளும் அவள். குழந்தையின் உடம்பில் எது கெட்டாலும் தாயின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

ஸ்காட்லாந்தில் ஆரம்பப் பள்ளிக்கு வரும் ஐந்து வயதுக் குழந்தைகளின் பற்களைச் சோதித்து, அந்தக் கணக்கை அவர்கள் குடியிருக்கும் வட்டாரத்தின் நிலைமையோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள். வசதியான வட்டாரத்திலிருந்து ஏழை வட்டாரத்துக்கு இறங்க இறங்க, சொத்தை படிப்படியாக ஏறுகிறது. அசட்டையான தாய்மார்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே பேட்டையில் குடியேறிவிட்டார்களா, என்ன?

சொத்தை உண்டாகும் விதம் ரகசியமல்ல. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன; உமிழ்நீர் அதைத் தணிக்க அரை மணியாவது பிடிக்கிறது. ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பெரிது. இதைத் திட்டமாகக் காட்டிய இடம், ஸ்வீடனில் லுண்ட் நகரத்து வீப்பேஹோல்ம் விடுதி. 1940-களின் பிற்பகுதியில், அங்கே அடைபட்டிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியை வேண்டுமென்றே தின்னக் கொடுத்தார்கள். சம்மதம் கேட்பாரில்லை; பலருடைய பற்கள் பாழாயின. அவர்கள் பல்லை இழந்து தேடித் தந்த அறிவைத்தான் நாம் இப்போது ஏழைத் தாய்க்கு உபதேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவளுக்கு அது தெரியாதா? பெரும்பாலும் தெரியும். நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு, சிணுங்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கையில் அகப்படுவது ஒரு மிட்டாய். அந்த நாளில் அவளால் வாங்கித் தர முடிந்த ஒரே சந்தோஷம் அதுவாகவும் இருக்கும். கதை எழுதுகிறவன் இங்கே வில்லனைத் தேடினால் ஏமாந்துதான் போவான்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் தாயைத் திருத்தும் வேலையோடு நின்றுவிடவில்லை. ‘சைல்ட்ஸ்மைல்’ என்ற திட்டத்தில், பாலர் பள்ளியிலேயே தினமும் ஃப்ளோரைடு பற்பசையால் பிள்ளைகளைப் பல் துலக்க வைத்தார்கள். ஏழை வட்டாரப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பல்லில் ஃப்ளோரைடு பூச்சும் பூசினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவு 2001-க்கும் 2010-க்கும் இடையில் பாதிக்கு மேல் குறைந்தது.

“பெற்றோர் கடமையைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டால் அவர்களுக்குப் பொறுப்பு விட்டுப் போகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வசதியுள்ள வீட்டுத் தாயிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுடைய பொறுப்புக்குச் சம்பளமும் ஓய்வும் வேலைக்காரியும் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. பள்ளியில் ஒரு பிரஷ் முட்டுக் கொடுத்தால் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

2003-இல் சொத்தை தென்படாத பிள்ளைகள் அங்கே பாதிக்கும் குறைவு. 2020-இல் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆனால் அந்த 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலும், கடைசி வரிசையில் நின்றவர்கள் மிக ஏழையான வட்டாரத்துப் பிள்ளைகளே.