கூத்தும் கொடையும்

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அரச செலவினங்கள் சுருங்கின. இத்தகைய வேளையில் முதலில் கைவைக்கத்தக்கதாகக் கருதப்படுவது கலை. அதனைக் குறைகூறுவோர்க்கு விடையொன்றும் ஆயத்தமாகவே உண்டு: பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் காமன் கூத்து எவருடைய மானியத்தால் வாழ்ந்தது?

வினா நியாயமானதே. மாசியில் கம்பம் நட்டு, தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் ஆடிவரும் அக்கூத்தைக் காத்தவர் தொழிலாளரே. வேடமும் விளக்கும் அவர்தம் நாட்சம்பளத்தில் வந்தவை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகியபோதும், 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றபோதும் காமன் எரிந்தான், ரதி புலம்பினாள்.

ஆயினும், உதவியின்றி வாழ்ந்தது என்பதிலிருந்து உதவி வேண்டியதில்லை என்பது எவ்வாறு பெறப்படும்? அரைவயிற்றுடன் வாழ்ந்தவனுக்கு அரைவயிறே போதும் என்பதன்றோ இவ்வாதம்! கடைப்பொருள் ஒவ்வொன்றின் விலையிலும் வரி செலுத்துபவரும், அந்நியச் செலாவணி ஈட்டும் தேயிலையைக் கொய்பவரும் பொதுப்பணத்திற் பங்குடையர். அவர்க்கு அது கொடையன்று.

மறுபுறமும் நோக்கற்பாலது. பணம் தருவோர் நேரத்தையும் வரையறுப்பர். விழா மேடையில் சில நிமிடங்களுக்குள் அடங்கும் கூத்து, விரதம் பூண்டு இரவெல்லாம் ஆடப்படும் கூத்தன்று. லயத்து மக்கள் தாமே செலவேற்றபோது விடியும்வரை ஆடவைக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. அவ்வுரிமையைக் கேளாத மானியம் அரிது.

ஆனால் 2022இல் கோதுமை மாவின் விலையும் பன்மடங்கு ஏறிற்று. பொதுப்பணம் சுருங்கிய அதே ஆண்டில், வழமையாகக் கொடுத்துவந்த கையும் ரொட்டிக்குரிய காசை எண்ணிக்கொண்டிருந்தது.