இடாப்பில் இல்லா இளைஞரும் ஊரின் கடமையும்

தன் உறுப்பினர் யாவர் என்பதை ஒரு சமுதாயம் பெரும்பாலும் இடாப்புக்களின் வாயிலாகவே அறிந்துகொள்கின்றது. பாடசாலையில் வரவு இடாப்பு உண்டு. தொழிலகத்திற் சம்பள இடாப்பு உண்டு. தேர்தற் காலத்தில் வாக்காளர் இடாப்பு உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்றிலேனும் ஒருவனின் பெயர் இடம்பெறும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும், 16 வயதிற் பாடசாலையை விட்டு நீங்கித் தொழிலொன்றிலுஞ் சேராத இளைஞனின் பெயர் இம்மூன்றில் எதிலும் இல்லாது போகின்றது. அவன் ஊரில் இருக்கின்றான். ஊரின் கணக்கில் இல்லை. இத்தகையோருக்கு அவர்கள் வாழும் ஊரின் ஆட்சிமன்றம் ஏதேனுங் கடமைப்பட்டுள்ளதா, உள்ளதெனின் அக்கடமையின் அடிப்படை யாது என்பது ஒழுக்கவியல் சார்ந்த வினாவாகும். புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் இடங்களுள் ஒன்று.

சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம், கற்பிட்டி என நீளும் இக்கரையிலே தொழிலே இல்லை என்று கூறவியலாது. கடலும் களப்பும் மீனும் இறாலுந் தருகின்றன. புத்தளத்தின் உப்பளங்கள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகின்றனர். ஆனால் இத்தொழில்கள் பருவத்தைச் சார்ந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். மழை பெய்தால் உப்பு விளையாது. 1980களிற் பெருகிய இறாற் பண்ணைகளை 1996 இல் வெண்புள்ளி நோய் தாக்கியபோது, நிலையான வாழ்வு தரும் என நம்பப்பட்ட தொழிலும் நிலையற்றதே என்பது புலனாயிற்று. நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாற் கொள்ளளவினை உடையது. அதன் புகைபோக்கியை நாள்தோறும் பார்த்து வளரும் இளைஞனுக்கு, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் சித்தியடையாத காரணத்தால், அதன் தொழில்நுட்பப் பணிகள் எட்டாத உயரத்திலேயே நிற்கின்றன.

பெண்பிள்ளையின் நிலை இன்னும் மறைவானது. பாடசாலையை விட்டு விலகியவள் வீட்டிற் சமைக்கின்றாள், தம்பி தங்கையரைப் பராமரிக்கின்றாள். மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாகத் தாய் உழைக்கும் வீடாயின் தாயின் இடத்தையே வகிக்கின்றாள். நாள் முழுவதும் உழைக்கும் அவளைப் புள்ளிவிபரம் "தொழிலற்றவள்" என்றுகூடக் குறிப்பதில்லை. அவள் தொழில் தேடவில்லை என்பதே அதற்குக் காரணம். வீதியோரத்தில் நிற்கும் இளைஞனையேனும் ஊர் பார்க்கின்றது. அவளை ஊர் பார்ப்பதுமில்லை.

இலங்கை அரசு பிள்ளைகளுக்கு எதுவுஞ் செய்யவில்லை என்பது பொருளன்று. 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. கட்டாயக் கல்வி 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் விதிக்கப்பட்டுள்ளது. தொழிலுக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. எனவே 16 வயது வரை சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்து வருகின்றது. அதன்பின் அக்கையைப் பற்றவேண்டியவர் யார் என்பதைக் கூறாது விட்டுவிடுகின்றது.

இவ்வினாவுக்குப் பொதுவாக மூன்று விடைகள் தரப்படுகின்றன. முதலாவது, இது குடும்பத்தின் பொறுப்பு என்பது. பிள்ளையை வளர்த்து ஆளாக்குதல் பெற்றோர் கடன் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், தந்தை கடலிலும் தாய் கடல்கடந்தும் உழைக்கும் குடும்பத்திடம் அப்பொறுப்பு முழுவதையும் ஒப்படைத்தல், சுமக்க வலுவில்லாதவன் தலையிற் சுமையேற்றி விட்டு அவன் தள்ளாடுவதைக் குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது விடை அச்சத்திலிருந்து பிறப்பது. 1971 ஏப்ரில் கிளர்ச்சி நிகழ்ந்த ஆண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு இந்நாட்டின் வேலையின்மையை ஆராய்ந்து, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் வழங்கிய வாய்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டிற்று. தெற்கின் இரண்டாவது கிளர்ச்சியின் பின்னணியில் 1989 இல் ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளருள் 40 சதவீதத்தினர் இளைஞராதல் வேண்டும் என்னும் சட்டம் 1990 இல் வந்தது. இவை பயனற்றவை அல்ல. எனினும் இளைஞர் கொதித்தெழுந்த பின்னரே அவர்பாற் கவனந் திரும்பிற்று என்பது மனங்கொள்ளற்பாலது. அச்சத்தாற் பிறக்கும் உதவி, அச்சுறுத்தாதோரை மறந்துவிடும். அமைதியாக வீட்டினுள் இருக்கும் பெண்பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஒருவன் ஆபத்தானவன் என்பதற்காக அவனுக்கு உதவுதல் அவனை மதிப்பதாகாது.

மூன்றாவது விடை இரக்கம். தருமசிந்தையுள்ளோர் உதவட்டும் என்பது அது. இவ்விடத்தில் வள்ளுவரின் அதிகார வைப்பு முறை சிந்தனைக்குரியது. ஒப்புரவறிதலை 22 ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23 ஆம் அதிகாரமாகவும் அவர் தனித்தனியே வகுத்தார். ஈகை வறியவர்க்கு வழங்குவது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழும் முறையை அறிந்து ஒழுகுவது. ஒப்புரவாளனின் செல்வத்தை அவர் நீர் நிறைந்த ஊருணிக்கு ஒப்பிடுவார். ஊருணி எவர்க்கும் இரங்கி நீர் தருவதில்லை. ஊரவர் உண்ணுதற்கென்றே அது அமைந்தது. அங்கு வந்து நீர் முகப்பவன் இரவலனுமல்லன். ஊராட்சி மன்றத்தின் பொதுப்பணமும் இத்தன்மையதே. ஆதலின் அம்மன்றம் இளைஞனுக்குச் செய்வது ஈகையன்று. ஒரே இடத்தைப் பகிர்ந்து வாழ்தலினாற் பிறக்கும் கடமை. நகரம் உயிர்வாழ்தலின்பொருட்டுத் தோன்றி நன்கு வாழ்தலின்பொருட்டு நிலைபெறுகின்றது என்ற அரிஸ்ரோட்டிலின் கருத்தும் இதனோடு இயைவதாகும்.

"ஒரே இடத்தைப் பகிர்ந்து வாழ்தல்" என்னும் இவ்வடிப்படையைப் புத்தளத்தின் வரலாறு கடுமையாகச் சோதித்தது. 1990 ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் எனப் பொதுவாகக் கூறப்படும் அவர்களுட் பெரும்பாலானோர் வந்தடைந்த இடம் புத்தளம் மாவட்டமாகும். அவர்களின் பிள்ளைகள் இங்கே பிறந்தனர். இங்குள்ள பாடசாலைகளிற் பயின்றனர். எனினும் பல குடும்பங்களின் வாக்குப் பதிவு பல்லாண்டுகளாக மன்னார் முதலிய வட மாவட்டங்களிலேயே இருந்தது. அவ்வாறாயின் பாலாவியிலோ கற்பிட்டியிலோ பாடசாலையை விட்டு விலகிய அத்தகைய இளைஞனுக்குக் கடமைப்பட்ட மன்றம் எது? வாக்கு இருக்கும் ஊரா, வாழ்வு இருக்கும் ஊரா?

இங்கு உள்ளூர் மக்களின் முறைப்பாட்டையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். ஏற்கெனவே இடநெருக்கடி மிக்க பாடசாலைகளையும் கிணறுகளையும் கூலி வேலையையும் அவர்கள் பகிர நேர்ந்தது. அவர்களது பிள்ளைகளும் வறியவர்களே. ஆனால் அம்முறைப்பாடு சுட்டுவது, வாழ்வோரின் தொகைக்கேற்ப வளங்கள் வரவில்லை என்பதையேயன்றி, வந்தோர்க்கு உரிமையில்லை என்பதையன்று. உரிமைகளுக்கு முன்னர்க் கடப்பாடுகள் உள்ளன என 1943 இல் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், வேரூன்றுதலை மனித ஆன்மாவின் தேவைகளுட் தலையாயதாகக் கருதினார். தன்னைத் தன்னவன் என்று கூறும் ஊர் ஒன்றேனும் இல்லாத இளைஞன் வேரற்றவன். அவனது சான்றிதழின்மை தொழிற்பயிற்சியினால் நீங்கலாம். வேரின்மை அதனால் மட்டும் நீங்காது.

இனி, ஊராட்சி மன்றத்தால் இயல்வது யாது? இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களிடம் பாடசாலைகள் இல்லை. அவை மத்திய அரசுக்கும் மாகாண சபைகளுக்கும் உரியவை. தொழிற்சாலைகளும் இல்லை. ஆயினும் 1939 ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் சுகாதாரம், வீதி, பொதுப்பயன் சேவைகள் என்பவற்றோடு மக்களின் நலன் பேணலையும் அவற்றின் கடமையாக்கியுள்ளன. வேலை கொடுக்க இயலாத மன்றம் மூன்று காரியங்களைச் செய்ய இயலும்.

முதலாவது, அறிதல். கடைகளையும் ஆதனங்களையும் வீடு வீடாகக் கணக்கிட்டு வரி விதிக்கும் மன்றம், தன் எல்லைக்குள் எத்தனை இளைஞர் கல்வியுந் தொழிலுமின்றி உள்ளனர் என்பதை அறியாதிருத்தல் இயலாமையன்று, அறிய விரும்பாமையே. இரண்டாவது, இணைத்தல். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், தொழிற்பயிற்சி அதிகார சபை முதலிய நிறுவனங்கள் உள்ளன. ஆனால் அவை வருபவனுக்கே கதவு திறக்கின்றன. பின்லாந்தில் நகராட்சிகளின் இளைஞர் பணியாளர், வராதவனைத் தாமே தேடிச் செல்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல், கல்வியையோ தொழிலையோ இழந்த இளைஞனுக்கு நான்கு மாதத்துள் கல்வி, பயிற்சி, தொழில் ஆகியவற்றுள் ஒன்று வழங்கப்படல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. செல்வ நாடுகளின் செலவை இங்கு செய்தல் அரிது. தேடிச் செல்லுதல் என்னும் மனப்பாங்கிற்குப் பெருஞ்செலவில்லை. மூன்றாவது, இடமளித்தல். பொது நூலகமும் சனசமூக நிலையமும் மாலை வேளையிற் பெண்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகத் திறந்திருத்தல், நீர்க்குழாய் பொருத்துதல், வீதி விளக்குப் பழுதுபார்த்தல் போன்ற மன்றத்தின் சொந்தப் பணிகளிற் சிலரைப் பயிலுநராகச் சேர்த்தல் என்பன அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவையே.

ஆயினும் அறிதலில் ஓர் ஆபத்து உண்டு. இளைஞரின் பெயர்ப்பட்டியல் என்பது இந்நாட்டில் மாசற்ற சொல்லன்று. 1971 இலும் 1980களின் இறுதியிலும் தெற்கிலும், போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலும், பட்டியலிற் பெயர் இருந்தமையாற் பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர். ஆகவே உதவுதற்கென எழுதப்படும் இடாப்பு, காவலுக்கென எழுதப்படும் இடாப்பாக மாறாதிருத்தல் வேண்டும். இளைஞனின் இசைவின்றி அவன் பெயர் எழுதப்படலாகாது. எழுதப்பட்டது வேறெவர் கைக்குஞ் செல்லலாகாது. மறுத்து விலகும் உரிமையும் அவனுக்கு வேண்டும். ஒருவனை அறிதலுக்கும் கண்காணித்தலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வுரிமையிலேயே தங்கியுள்ளது. அரசின் தொலைதூரத் திணைக்களத்தைவிட அயலிலுள்ள மன்றம் இதற்கு ஏற்றதாதற்குக் காரணமும் இதுவே. வட்டார உறுப்பினரை இளைஞன் வீதியிற் கண்டு கேள்வி கேட்கலாம், தேர்தலில் தண்டிக்கலாம்.

அவ்வாறு கேட்பதற்கு மன்றம் இருத்தல் வேண்டும். 2023 மார்ச் மாதத்திற் பதவிக்காலம் முடிவுற்ற உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே மாதத்திலேயே தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டிலும் குப்பை அகற்றப்பட்டது, வரி அறவிடப்பட்டது. எவரிடம் சென்று முறையிடுவது என்பதே இல்லாதிருந்தது. அக்காலத்தில் 16 வயதை அடைந்து பாடசாலையை நீங்கியவருட் பலர் இன்று வாக்களிக்கும் வயதினர்.

இளைஞன் ஒருவனுக்கு வேலை கிடைக்கும் என எந்த ஊராட்சி மன்றமும் உறுதி கூறவியலாது. மழையையும் கடலையும் சந்தை விலையையும் அது ஆள்வதில்லை. ஆனால் தன் எல்லைக்குள் வாழும் எந்தப் பிள்ளையும், எங்கு பிறந்தவராயினும் எங்கு வாக்குடையவராயினும், தேடப்படாமற் போகார் என அதனால் உறுதி கூறவியலும். புத்தளத்தின் புதிய மன்றங்கள் இவ்வொரு வாக்குறுதியைக் காப்பாற்றுமாயின், ஊர் என்னும் சொல்லுக்கு அவை பொருள் சேர்த்தனவாகும்.