பணியிற் கற்றது யாருடைய பொருள்?

பள்ளியிற் பெற்ற கல்விக்குச் சான்றிதழ் உண்டு. அதனைக் கண்ணாடிச் சட்டத்துள் இட்டுச் சுவரில் மாட்டி வைக்கிறோம். பணியிடத்திற் பெற்ற கல்விக்கு அத்தகைய சான்றிதழ் எதுவும் இல்லை. ஆயினும், முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெறும் ஒருவரிடம், "உமக்குத் தெரிந்தவற்றுள் கல்லூரி தந்தது எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் புன்முறுவல் பூத்துவிட்டு, தம் முதல் மேலதிகாரியைப் பற்றியோ, பக்கத்து மேசை நண்பரைப் பற்றியோ, தாம் செய்த பெரும்பிழை ஒன்றைப் பற்றியோதான் பேசத் தொடங்குவார்.

இவ்வாறு வேலையோடு வேலையாக, நாள்தோறும் சிறுகச் சிறுக வந்து சேரும் அறிவு யாருக்கு உரியது? உழைத்துக் கற்றவருக்கா? ஊதியம் தந்த நிறுவனத்துக்கா? சொல்லிக் கொடுத்தவருக்கா? அல்லது இனி வரப்போகும் புதியவருக்கும் அதில் பங்கு உண்டா? நிலபுலன்களைப் பிறந்த ஊரில் விட்டுவிட்டு, கற்ற தொழிலை மட்டுமே முதலாகக் கொண்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அது நம் அடுப்பங்கரை வரை வந்து நிற்கும் வினா.

கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு நம் முன்னோர் ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்தைச் சொல்லப் புகுமுன் பாயிரத்தில் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் பேசுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக மனத்திற் கொண்டாலும் ஒருவன் புலமையிற் கால் பங்கையே அடைவான் என்பது அதன் கருத்து. உடன் பயில்வோரோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு வருகிறது. எஞ்சிய அரைப் பங்கோ, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழித்து, 1980களில், அமெரிக்காவில் தலைமைப் பண்பை ஆராயும் மையம் ஒன்றன் அறிஞர்கள் வேறொரு கணக்கைத் தந்தனர். நிறுவனங்களில் உயர்ந்தோர் கற்றவற்றுள் 70 பங்கு கடினமான பணிகளைச் செய்ததாலும், 20 பங்கு பிற மனிதரிடமிருந்தும், 10 பங்கு வகுப்புகளாலும் வந்தன என்பது அது. இவ்விரண்டும் தராசில் நிறுத்த கணக்குகள் அல்ல. அனுபவத்தால் மதித்துச் சொன்னவை. ஆயினும் இரண்டுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பின்னது, ஒருவர் எங்கெங்கிருந்து பெறுகிறார் என்று மட்டுமே கேட்கிறது. நன்னூலோ, கொடுப்பதையே கற்றலின் பாதியாக வைத்துவிட்டது. அறிவை ஒளித்து வைப்பவன் பிறரை வஞ்சிப்பதோடு தன் புலமையிலும் பாதியை இழக்கிறான் என்பது இதன் உட்பொருள் அன்றோ?

பணியிடத்திற் கற்பது என்றால் யாராவது எதிரே அமர்ந்து பாடம் நடத்துவது என்று பொருளன்று. பெரும்பாலும் அது காண்பதாலும், கூட இருப்பதாலும் நிகழ்வது. ஜீன் லேவ் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் 1970களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டுத் தையற்காரர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அங்கே தொழில் பழக வரும் இளைஞன் துணி வெட்டுவதிலிருந்து தொடங்குவதில்லை. பொத்தான் வைத்தல், ஓரம் அடித்தல் முதலிய இறுதி வேலைகளே அவனுக்கு முதலில் தரப்படுகின்றன. பிறகு தையல், அதற்கும் பிறகே வெட்டுதல். பொத்தானைத் தவறாக வைத்தால் பிரித்துவிட்டு மீண்டும் வைக்கலாம். துணியைத் தவறாக வெட்டிவிட்டால் முதலே பாழ். மேலும், முடிந்த ஆடை எப்படி இருக்கும் என்பதை அவன் கைகள் முதலிலேயே அறிந்துகொள்கின்றன. பாடத்திட்டம் என்று எழுதி வைத்த ஏடு எதுவும் அங்கில்லை. வேலையின் ஒழுங்கே பாடமாக அமைந்துவிடுகிறது.

அவர் எட்டியென் வெங்கர் என்பாரோடு சேர்ந்து 1991இல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டும் தொழில் பழக வந்தவர்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் அருகே நிறுத்திவிட்டனர். தேர்ந்த தொழிலாளர் வெட்டுவதை அங்கிருந்து காண இயலாது. அவர்கள் தொழிலாளர் என்ற பெயரைப் பெற்றனர். தொழிலைக் காணும் வாய்ப்பைப் பெறவில்லை. இடையில் நின்றது ஒரு சுவர்தான். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய நம் பிள்ளைகளுள் பலர், பக்கத்து மேசை என்ற ஒன்றையே காணாமல் பணியிற் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் இச்சுவரின் துன்பம் விளங்கும்.

ஆனால், எல்லாச் சுவர்களும் செங்கல்லால் ஆனவை அல்ல. சில சுவர்கள் மொழியால் ஆனவை. சில, அச்சத்தால் ஆனவை. இங்கே எங்கள் குறை ஒன்றைச் சொல்லிவிடுவதே நேர்மை.

1970களின் இறுதியில் அன்றைய பம்பாயில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நாங்கள் தமிழர் மூவர் பணியாற்றினோம். 1966இல் சிவசேனை தோன்றிய நாள் முதல், அலுவலகப் பணிகளைத் தென்னிந்தியர் பற்றிக்கொண்டனர் என்ற முழக்கம் அந்நகரில் ஓங்கி ஒலித்தது. அம்முழக்கம் ஓரளவு தணிந்திருந்த காலம் அது. எங்கள் நெஞ்சில் அச்சம் தணியவில்லை. எங்கள் பிரிவிலிருந்து மாதந்தோறும் தலைமை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை செல்லும். அதற்கு இரண்டு பேரேடுகளின் தொகை ஒத்துவர வேண்டும்; ஒருபோதும் நேராக ஒத்துவராது. காரணம் எளிது. ஒன்றை 25ஆம் தேதியோடு முடிப்பார்கள். மற்றொன்றை மாத இறுதியில் முடிப்பார்கள். இடைப்பட்ட நாட்களின் பட்டியலைத் தனியே எடுத்துக் கழித்தால் கணக்கு நேராகிவிடும். இது எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. எங்கள் மூவருக்கே தெரியும்.

அப்போது மராட்டிய இளைஞர் ஒருவர் எங்கள் பிரிவில் வந்து சேர்ந்தார். பணிவுள்ளவர், கேட்டுக் கற்கும் ஆர்வம் உடையவர். கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று அவர் கேட்டால், "இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள்" என்போம். பிறகு அவர் முன்னிலையிலேயே அந்த இடைநாட்பட்டியலைப் பற்றித் தமிழிற் பேசிக்கொள்வோம். நாம் தாயாக மதிக்கும் மொழியை அன்று நாங்கள் பூட்டாகப் பயன்படுத்தினோம்.

எங்களுள் ஒருவர் வீட்டுத் திருமணம் வந்தது. மூவரும் உறவினர் முறை ஆனதால் ஊருக்குப் புறப்பட்டோம். இளைஞர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியே அதிகாரி விடுமுறை தந்தார். மாத இறுதியில் அவ்விளைஞர் கடைசி ரயில் வரையில் அமர்ந்து கூட்டிக் கூட்டிப் பார்த்திருக்கிறார். அறிக்கை போக வேண்டிய நாளிற் போகவில்லை. அவருக்கு மெமோ வந்தது. நாங்கள் திரும்பி வந்து அரைமணி நேரத்தில் கணக்கை நேர்செய்து கொடுத்தோம். அதிகாரி எங்களைப் பாராட்டினார். இளைஞர் அருகிலேயே நின்றிருந்தார். "ஒரு முறை எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று இந்தியில் மெல்லக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாராட்டைப்போல் எங்களைச் சுட்ட வசைமொழி வேறொன்றில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 25ஆம் தேதியின் மறைபொருளை எங்களுக்குக் காட்டியவர் யார்? ஓய்வு பெறும் நாளை நெருங்கியிருந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர். இந்தி கூடச் சரியாகப் பேசத் தெரியாத எங்களுக்கு, இரண்டு பேரேடுகளையும் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகச் சுட்டிக் காட்டியவர் அவர். எங்களிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவரிடம் இலவசமாகப் பெற்ற ஒன்றையே நாங்கள் எங்கள் சொந்த உடைமை என்று எண்ணிப் பூட்டி வைத்தோம்.

"உழைத்துக் கற்றது என்னுடையது; அதைக் கொடுப்பதும் கொடாததும் என் விருப்பம்" என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. பணியிடத்தில் எவரும் தனியே கற்பதில்லை. ஒருவர் சுட்டிக் காட்டியிருப்பார். நாம் கற்கும்போது செய்த பிழைகளின் செலவை நிறுவனமும் வாடிக்கையாளரும் ஏற்றிருப்பர். நமக்கு முன் இருந்தவர்கள் தட்டுத்தடுமாறி வழி கண்டிருப்பர். இத்தனை பேரின் கொடையால் உண்டான பொருளில் நம் உழைப்பும் உண்டு. நம் உழைப்பு மட்டும் இல்லை.

எனினும் எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. சொல்லிக் கொடுத்துவிட்டால் தம் இடம் பறிபோகும் என்ற அச்சம் பல இடங்களில் வெறுங்கற்பனை அன்று. நிறுவனங்களுக்கே அவ்வச்சம் உண்டு. எங்கும் பயன்படும் திறனுக்கும் ஒரு நிறுவனத்தில் மட்டும் பயன்படும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1964இல் விளக்கினார். பழக்கிவிட்ட ஊழியன் நாளை போட்டி நிறுவனத்துக்குப் போய்விடலாம் ஆதலின், எங்கும் பயன்படும் திறனுக்குச் செலவிட முதலாளிகள் தயங்குவர் என்பது அவர் கருத்தின் சாரம். நம் நாட்டில் 1961இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டு, நிறுவனங்கள் உதவித்தொகை தந்து பழகுநர்களை ஏற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தொழிலறிவை அடுத்தவருக்குக் கைமாற்றுவது சந்தையின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடத்தக்கதன்று. அது சமுதாயக் கடன் என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. பெருநிறுவனமே தயங்கும் இடத்தில், மாதச் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்தும் எழுத்தரை மட்டும் குறை கூறுவது எவ்வாறு நியாயமாகும்?

ஆகவே கடனை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சொல்லிக் கொடுத்தவர் அதனால் தாழ்ந்துபோகாமற் காப்பது தலைமையின் கடமை. இதற்கு நல்லதொரு வழி காட்டியவர்கள் செராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்போர். 1980களில் அவர்களோடு பழகி ஆராய்ந்த ஜூலியன் ஓர், கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் உணவு வேளையிலும் காப்பி வேளையிலும் கதை சொல்லியே தீர்த்துக்கொண்டனர் என்று கண்டு, 1996இல் நூலாக எழுதினார். பிற்காலத்தில் அந்நிறுவனம் அவர்கள் கண்ட வழிகளைத் தொகுத்தபோது, ஒவ்வொரு குறிப்பையும் கண்டவர் பெயரோடு சேர்த்தது. கொடுத்தவன் பெயர் நிலைத்தால் கொடுப்பதற்கு அச்சம் குறைகிறது.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. வாடிக்கையாளரின் கணக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட மறைபொருள் ஆகியவற்றைக் காப்பதும் அறமே. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய கேள்வி போதும்: "இதை அவர் அறிந்தால் யாருக்குக் கேடு?" நம்மை நம்பியவருக்குக் கேடு என்றால் வாய் திறவாதிருப்போம். நம் பெருமைக்கு மட்டுமே கேடு என்றால் சொல்லிவிடுவோம்.

நம் மக்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். மாதுங்காவின் ஒற்றை அறைகளிலும், கரோல்பாக்கின் மாடிக் குடியிருப்புகளிலும், மாலை வேளைகளில் அண்ணன் படிக்கத் தம்பி சுருக்கெழுத்து எழுதிப் பழகிய வீடுகள் எத்தனை! ஊரிலிருந்து வந்த முன்பின் அறியாத இளைஞனுக்கு விண்ணப்பம் எழுதவும், நேர்காணலில் விடை சொல்லவும் கற்றுக் கொடுத்து, உணவும் இட்ட கைகள் எத்தனை! அந்த ஈகை உண்மையானது. ஆனால் அது பெரும்பாலும் நம்மவர் என்ற வாயிற்படியோடு நின்றுவிட்டது. வாயிற்படிக்கு வெளியே நின்ற ஒருவர், ஒரு குஜராத்தியோ மராட்டியரோ வங்காளியோ, நமக்குக் கற்றுத் தந்திராவிட்டால் நாம் இங்கே வேரூன்றியிருக்க முடியாது என்பதை மறந்தோம்.

நாங்கள் ஒளித்த அந்த மறைபொருளுக்கு நேர்ந்த கதியையும் சொல்லி முடிப்போம். 1990களில் கணிப்பொறி வந்தது. இடைநாட்பட்டியலை அது தானே கழித்துக்கொண்டது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் விலைபோகாத பொருள்களாயின. பூட்டி வைத்த நெல்லைப்போல அவ்வறிவு எவருக்கும் உணவாகாமலே உளுத்துப்போயிற்று. எஞ்சி நிற்பவை இரண்டு நினைவுகளே: பேரேட்டின்மீது நகர்ந்த அந்தப் பெரியவரின் விரல், அந்த இளைஞர் கேட்ட கேள்வி.

நம் பிள்ளைகள் இன்று உயர்ந்த இடங்களில் இருக்கின்றனர். நாளைக் காலை அவர்கள் மேசையருகே, மொழி புரியாத, ஊர் புதிதான ஒருவர் தயங்கியபடி வந்து நிற்கக்கூடும். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, விரலால் சுட்டிக் காட்டுவார்களாயின், எங்களால் திருப்பிக் கொடுக்க இயலாமற்போன கடனின் ஒரு பகுதியை அவர்கள் தீர்த்தவர்கள் ஆவார்கள். தங்கள் கல்வியின் எஞ்சிய அரைப் பங்கையும் அவர்கள் அன்றுதான் பெறுவார்கள்.