தராசின் மறுதட்டு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை, கார்த் தொழிற்சாலைகளின் சாலையாகிவிட்டது. அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய், 2025இல் மின்சார கிரெட்டாவையும் வெளிக்கொணர்ந்தது. மின்கார் புகையற்றது என்கின்றனர். புகை ஒழிந்ததா, இடம் மாறியதா?

இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியால் விளைவது. யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடும் மின்காருக்குக் கிலோமீட்டருக்கு 100 கிராம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 115 கிராம். பேட்டரி செய்வதாலும் எண்ணெயைச் சுத்திகரிப்பதாலும் எழும் மாசு தனி. ஆக, இன்றைய வேறுபாடு சிறிதே. எனினும், முப்பந்தல் காற்றாலைகள் போன்றவை பெருகுந்தோறும் மின்காரின் மாசு குறையும். பெட்ரோல் காருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தமக்கு நிறைவாக அளந்து வாங்கி, பிறர்க்குக் குறைத்து அளப்போரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் வன்மையாகக் கண்டிக்கின்றது. நம் தெருவின் தூய காற்றைக் கணக்கில் வைத்து, எண்ணூர் மீனவரின் கொசஸ்தலையாற்றில் கலந்த அனல்நிலையச் சாம்பலை விட்டுவிடுவதும் அத்தகைய அளவையன்றோ?

ஆதலின், கார் இன்றியமையாதோர் மின்காரை நாடுவது நன்றே. ஆனால் நடந்து செல்லும் தொலைவிலுள்ள பள்ளிவாசலுக்கும் உடல்நலமுடையோர் ஊர்தியில் செல்வது, அது எதனால் ஓடினும், வீண்விரயமே. பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கணக்கை இறைவன் கேட்பான்.